கடல்குதிரை ஆசையும் கோமாளி மீனும்: சென்னை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

நன்னீர் மீன் வளர்த்துப் பழகிய வீடுகளில் பிள்ளைகள் அடுத்துக் கேட்பது கடல்குதிரையைத்தான். அந்த ஆசைக்கு என்ன பதில் சொல்லலாம், புதிதாக வரும் கடல்மீனை எப்படிப் பழக்கலாம் என்பதற்கான குறிப்புகள் இவை.

1. கடல்குதிரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், 2001-ல் அதைச் சேர்த்தார்கள். பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனை உண்டு. காயவைத்ததை ஷோகேஸில் வைத்தாலும் அப்படித்தான். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வலையில் சிக்கும் கடல்குதிரைகள் உலர்த்தப்பட்டு, வெளிநாட்டு மருந்துச் சந்தைகளுக்குக் கடத்தப்படுகின்றன. தொட்டிக்கென்று ஒன்றை வாங்கினாலும் அந்த வியாபாரத்துக்குத்தான் துணைபோகிறோம்.

2. சட்டம் இருக்கட்டும், அந்த உயிரைப் பாருங்கள். அதற்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. குழல் போன்ற வாயால் பொடி இறால்களை நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். கடலில் பிடித்தது பெரும்பாலும் உயிரில்லாத தீனியைத் தொடாது, பட்டினியிலேயே போய்விடும். ஆண்தான் வயிற்றுப் பையில் குஞ்சு சுமக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், படம் காட்டுங்கள். அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

3. சிட்னியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர்கள் பண்ணையில் பிறந்த கடல்குதிரையை முறைப்படி வாங்கலாம். அவர்களுக்கு: உயரமான தொட்டி, மெதுவான நீரோட்டம், வால் சுற்றிப் பிடிக்கச் செடியோ கிளையோ வேண்டும். உறைய வைத்த மைசிஸ் இறாலை நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொடுக்க வேண்டும். வேகமான மீன்களை உடன் விட்டால் தீனி முழுவதும் அவற்றுக்கே போய்விடும்.

4. நம் ஊருக்குப் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் பொருத்தம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதைப் பொரித்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. கடையில் ‘கடலில் பிடித்ததா, பொரித்ததா?’ என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

5. பவளப்பாறை, கடல்விசிறி வேண்டாம். அவையும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. சுட்ட மண் பாறைகள் போதும்.

6. தொட்டிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் குடத்தில் கடல்நீர் மொண்டு வருவதை விட்டுவிடுங்கள். அடையாறு கடலில் கலக்கும் இடம் பக்கத்தில்தான் இருக்கிறது. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீர் பல தெருக்களில் கடினமாக இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் மீன்தொட்டிக்கான கடலுப்பை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கலந்து, ஹைட்ரோமீட்டரில் 1.023 முதல் 1.025 வரை வருகிறதா என்று பாருங்கள். சமையல் உப்பு கூடாது.

7. மீன் வருவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே தொட்டியை ஓடவிடுங்கள். தொட்டியில் சிறிது அம்மோனியா சேர வேண்டும், அதைத் தின்னும் பாக்டீரியா வளர வேண்டும். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே விட்டால் கண்ணாடி போன்ற தெளிந்த நீரிலும் மீன் சாகும். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. 100 லிட்டர் தொட்டி, கண்ணாடியும் பாறையும் சேர்த்து 100 கிலோவைத் தாண்டும் என்பதால், மயிலாப்பூரின் பழைய மாடி வீடுகளில் தரைத்தளமே நல்லது.

8. மீன் வாங்கிக்கொண்டு கொளத்தூரிலிருந்து அடையாறுக்கு வருவதென்றால் வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள். பையை நிழலில், துணி சுற்றிக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்து, மூடிய பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு மீனைப் பைத் தண்ணீரோடு சிறு வாளிக்கு மாற்றி, ஏர் பம்ப் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் இறக்குங்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் வாளித் தண்ணீர் இரண்டு மூன்று மடங்காகும். வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்; வாளித் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

9. முதல் நாள் மீன் மூலையில் ஒதுங்கி நிற்கும், தீனி தொடாது. கண்ணாடியைத் தட்டாதீர்கள். மறுநாள் மாலை ஒரு சிட்டிகை தீனி போட்டு, மீதத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

10. கொசு மருந்து ஸ்பிரே, திரவக் கொசுவிரட்டி, சுருள், சாம்பிராணி எதுவும் அந்த அறையில் வேண்டாம். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது; கொசுவைக் கொல்லும் மருந்துகளில் பல, மீனுக்குக் கொடிய விஷம்.

11. அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள். மூடியைத் திறந்து, சிறு விசிறியை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டால் இரண்டு டிகிரி குறையும். ஆவியாகிக் குறைந்ததற்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை, சேர்த்தால் கரிப்பு ஏறிவிடும். திடீர் மின்வெட்டு வந்தால் உதவ, பேட்டரி ஏர் பம்ப் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

12. வளர்க்க முடியாமல் போனால் மயிலாப்பூர் தெப்பக்குளத்திலோ அடையாற்றிலோ கடலிலோ விடாதீர்கள். வாங்கிய கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுங்கள். ஊரூர் குப்பத்தில் மீன் வாங்கும்போது வலையில் உயிரோடு கடல்குதிரை கண்ணில் பட்டால், படகுக்காரரிடம் சொல்லிக் கடலிலேயே விடச் சொல்லுங்கள்.