ஒரு வாரம் விடுப்பு

கார்வேட்டிநகரத்தில் ஒரு பெண். அவளுக்குத் தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். புத்தூருக்குப் போய்த் துணிமணி வாங்கினாள். வங்கி வேலையை முடித்தாள். பிள்ளைகளோடு வேணுகோபாலசாமி கோயிலுக்கும் திருப்பதிக்கும் போய் வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் புறப்பட்டாள்.

“ஒரு வாரக் கூலி போச்சே!” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

“போகல அக்கா. இது சம்பளத்தோட லீவு” என்றாள் அவள்.

ஆம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இந்த உரிமையைத் தந்தது. அதைப் பெற ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 180 நாள் வேலை செய்தாலே போதும். வேலை செய்த 20 நாளுக்கு 1 நாள் விடுப்பு உண்டு. வார ஓய்வு நாளை விடுப்பில் கழிக்கக் கூடாது.

அந்தப் பெண் 240 நாள் வேலை செய்திருந்தாள். அவளுக்கு 12 நாள் விடுப்பு. திங்கள் முதல் சனி வரை 6 நாள் எடுத்தாள். ஞாயிறு வார ஓய்வு. மீதி 6 நாள். வேலைக்குத் திரும்பியதும் விடுப்புக் கணக்கைக் கேட்டு வாங்கினாள். தானே படித்துச் சரிபார்த்தாள்.

200 நாள் வேலை செய்தவருக்கு எத்தனை நாள் விடுப்பு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.