இரத்தப் பரிசோதனைக்கு ஏன் தயக்கம்?

அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கேரளத்தின் எல்லைப்புறங்களில் கழிந்தது. வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை ஒருபுறம். மறையூர், நெடுங்கண்டம், குமுளி மறுபுறம். இங்கே வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் காய்ச்சல் என்றால் இரத்தம் கொடுக்கத் தயங்குவதில்லை. சர்க்கரை பார்க்க வேண்டும் என்றாலும் கையை நீட்டுவார்கள். பால்வினை நோய்ப் பரிசோதனை என்றதும் மட்டும் முகம் மாறிவிடுகிறது.

பிள்ளைகளும் படிக்கும் இதழில் இதை எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். குடும்பத்தைப் பாதிக்கும் நோயைப் பற்றிக் குடும்பங்கள் படிக்கும் இதழில்தான் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

வலி இல்லாத நோய்

வெட்டை, கிரந்தி, மேகநோய் என்று நம் பாட்டிமார் மறைவாகப் பேசிய நோய்கள்தாம் இவை. இன்று கொனோரியா, சிபிலிஸ் என்கிறோம். எச்.ஐ.வி.யும் பி வகைக் கல்லீரல் அழற்சியும் இந்தப் பட்டியலில் சேரும்.

"சிஸ்டர், எனக்கு ஒரு நோவும் இல்லையே, எதுக்கு ரத்தம் எடுக்கிறீங்க?" என்று தோட்டத்துச் சகோதரிகள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். சிபிலிஸை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு சிறு புண் வரும். அதில் வலி இருக்காது. மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் ஆறிவிடும். வந்தவர் குணமாகிவிட்டது என்று எண்ணுவார். ஆனால் கிருமி உடலைவிட்டுப் போவதில்லை. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து பிறகு இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். கொனோரியா, கிளாமிடியா வந்த பெண்கள் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளைப்பேறு இல்லாமலும் போகலாம். எச்.ஐ.வி.யும் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும். ஆகவே நோவு இல்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

நம் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதே பரிசோதனையால்தான் தெரிய வந்தது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் சில பெண்களின் இரத்தத்தைச் சேகரித்தனர். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பேருக்குக் கிருமி இருப்பது தெரிந்தது. அதுவரை, அது வெளிநாட்டு நோய், இங்கே வராது என்றுதான் பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கே போவது? என்ன நடக்கும்?

கேரள அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் உள்ள மையத்துக்கு 'ஜ்யோதிஸ்' என்று பெயர். பால்வினை நோய்ச் சிகிச்சை மையம் 'புலரி'. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வழங்கும் மையம் 'உஷஸ்'. தமிழ்நாட்டில் பரிசோதனை மையத்தை 'நம்பிக்கை மையம்' என்பார்கள். எங்கும் கட்டணம் கிடையாது.

முதலில் ஆலோசகர் தனியறையில் பேசுவார். உங்கள் சம்மதம் கேட்ட பிறகே இரத்தம் எடுப்பார்கள். முடிவு பெரும்பாலும் அன்றைக்கே கிடைக்கும். முதல் சோதனையில் கிருமி இருப்பதாகக் காட்டினால் அதை வைத்தே முடிவு கட்டுவதில்லை. வேறு வகைச் சோதனைகளும் செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் உறுதி செய்வார்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். கிருமி உடலில் நுழைந்த சில வாரங்களுக்குச் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே சந்தேகம் உள்ளவர் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

'இரகசிய நோய்க்கு மருந்து' என்று நோட்டீஸ் ஒட்டி, லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களிடம் நம்மவர்கள் இன்றும் பணத்தைக் கொடுக்கிறார்கள். மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி அரைகுறையாக விழுங்குகிறார்கள். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் சிபிலிஸ் பென்சிலின் ஊசியிலேயே குணமாகிவிடும். அந்த ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம்.

அக்கரை போகும் பழக்கம்

எல்லையில் வாழும் நமக்கென்று ஒரு வழக்கம் உண்டு. லயத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் எஸ்டேட் முழுவதும் தெரிந்துவிடும் என்ற பயத்தில் மறையூர்க்காரர் உடுமலைக்குப் போவார். குமுளிக்காரர் கம்பத்துக்கு இறங்குவார். கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறுவார். மலையாளத்தில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். இதில் தவறில்லை. எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும் எந்த மாநிலத்திலும் பரிசோதிக்கலாம். ஆனால் முடிவை வாங்காமலே திரும்பிவிடுவதும், வாங்கிய பிறகு மருந்துக்குப் போகாமல் இருப்பதும்தான் ஆபத்து. ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகிறதே என்று நிறுத்தியவர்களை நான் அறிவேன். கூட்டு மருந்து சாப்பிடுகிறவர் சிகிச்சையை அருகிலுள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆலோசகரிடம் கேட்டால் எழுதித் தருவார்.

கர்ப்பிணிக்கு மட்டுமா?

கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் பார்க்கிறார்கள். இதை அவமானமாக எண்ண வேண்டாம். எல்லோருக்கும் செய்வதுதான். சிபிலிஸ் இருப்பது தெரியாமல் போனால் கரு கலையலாம், பிள்ளை இறந்தே பிறக்கலாம். எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு எந்தச் சிகிச்சையும் இல்லையென்றால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குக் கிருமி தொற்றும். சிகிச்சை எடுத்தால் அது 5-க்கும் கீழே வந்துவிடும். ஒரு இரத்தப் பரிசோதனை ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறது என்றால் அது மிகையல்ல.

ஆனால் மனைவிக்குச் சிகிச்சை கொடுத்து, கணவர் வராமலே இருந்தால் என்ன பயன்? அவளுக்கு நோய் திரும்பவும் வரும். லாரி ஓட்டுகிறவர், ஏலத்தோட்டத்துக்கும் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்கும் தனியாக வந்து தங்குகிறவர், மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பார். அவர்களைக் குற்றவாளிகளாக்கி ஒரு நோயையும் ஒழிக்க முடியாது. "நீயும் வா, நானும் வருகிறேன்" என்று சேர்ந்து போகும் தம்பதியரைக் கண்டால் எனக்கு மரியாதைதான் தோன்றும்.

வேலை போய்விடுமா?

எச்.ஐ.வி. தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது. முடிவை முதலாளிக்கோ அயலாருக்கோ சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளது என்பதற்காக வேலையோ பள்ளியில் இடமோ மறுக்கக் கூடாது. கணவன் மனைவிக்கிடையே தொற்றும் அபாயம் இருந்தால் மட்டும், முதலில் உங்களுக்கு ஆலோசனை சொல்லி, உங்களுக்குத் தெரிவித்த பிறகு துணைவருக்குச் சொல்ல மருத்துவருக்கு இடம் உண்டு.

2004 ஏப்ரல் முதல் கூட்டு மருந்தை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பிறருக்குப் பரவுவதில்லை. வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம், பேரன் பேத்தியையும் பார்க்கலாம்.

நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, சர்க்கரையோடு இதையும் பார்த்துவிடுங்கள், கணவனும் மனைவியுமாக.