செப்புத் தகட்டில் ஒரு கடற்போர்

ஓவியத்திற்கு வண்ணமே உயிர் என்பர். வண்ணம் சிறிதுமின்றிக் கோடுகளாலேயே கடலையும் போரையும் காட்ட இயலும் என்பதற்குச் சான்றாவது, 'மெசினா நீரிணையில் கடற்போர்' எனும் செதுக்கோவியம். பிளெமிய ஓவியர் மூத்த பீட்டர் புரூகல் வரைந்ததனை ஃபிரான்ஸ் ஹாய்ஸ் செம்பில் செதுக்க, ஆன்ட்வெர்ப் நகரில் ஹியரோனிமஸ் காக் 1561இல் வெளியிட்டார்.

செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடுகளைக் கீறி, அவற்றுள் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். பிழைத்த கோட்டைத் திருத்துதல் அரிது. இப்பெரும் படத்திற்கோ இரு தகடுகள் வேண்டியிருந்தன.

உயரத்தில் நின்று நோக்குவார் போல நாம் நீரிணையைக் காண்கிறோம். பாய் புடைத்த நாவாய்களும் துடுப்புகள் நிரல்பட்ட போர்க்கலங்களும் நெருங்கிப் பொருகின்றன. பீரங்கிகள் புகை கக்குகின்றன. தொலைவில் எட்னா எரிமலையும் புகைகிறது. அம்மலையின் முன் மனிதரின் சினம் எத்துணைச் சிறியது!

நீரிணைக் கரையிலுள்ள ரெஜ்ஜோ நகரை உதுமானியக் கடற்படை 1552இல் தாக்கியது. அக்காலத்தே இத்தாலியில் பயணம் செய்த புரூகலின் நினைவில் அந்நிகழ்ச்சி பதிந்திருந்தது என்பர். இதனை அறிந்தவுடன், நம்மவர் கலம் எது, வென்றவர் யார் என்றே நம் கண் தேடும். அது இயல்பே. ஆயினும் கலையை நுகர அது போதாது.

தமிழில் போர் பாடும் பரணி, தோற்றவர் பெயரால் வழங்கும். இவ்வோவியமோ இருவர் பெயரையும் ஏலாது, நீரிணையின் பெயராலேயே வழங்குகிறது. கொடியைத் தேடுமுன் கோட்டைக் காண மாணவர் பழகுவாராக. இரு திறத்தார் கலங்களையும் ஒரே கடல் தாங்குவது அப்போது புலப்படும்.