அண்ணன் வழியும் தம்பி வழியும்

மாணவர்களே! தந்தைக்குப் பின் மகன் ஆள்வது நாம் கதைகளில் கண்ட வழக்கம். சீனத்தின் சோங் பேரரசில் அவ்வழக்கம் தொடக்கத்திலேயே தடம் மாறியது.

கி.பி. 960-இல் ஜாவ் குவாங்யின் என்னும் படைத்தலைவர் கைஃபெங் நகரில் அரியணை ஏறினார். அவருக்கு முன் அதில் அமர்ந்திருந்தவன் ஒரு சிறுவன். இதை அவருடைய தாய் மறக்கவில்லை. நாடு உனக்கு எதனால் கிடைத்தது என்று அவர் தம் இறுதிக்காலத்தில் மகனை வினவினாராம். முன்னோர் செய்த நற்பயனால் என்றார் மகன். அன்று, குழந்தையை அரசனாக்கியதால்தான் என்று தாய் மறுத்தார். உனக்குப் பின் தம்பியே ஆளவேண்டும் என்று வாக்குறுதியும் பெற்றார். அதனை எழுதிப் பொற்பேழையில் வைத்தனர் என்பர். ஆனால், தம்பி தைசோங் முடிசூடிச் சில ஆண்டுகள் சென்ற பின்னரே இச்செய்தி வெளிப்பட்டது. 976-இல் அண்ணன் மறைந்தபோது அவர் மகன் தெஜாவ் குழந்தையும் அல்லன். 25 வயது இளைஞன். ஆதலின், வரலாற்றறிஞர் பலர் இவ்வாக்குறுதியை ஐயுறுகின்றனர்.

979-இல் வடக்கே நிகழ்ந்த போரில் ஓரிரவு பேரரசரைக் காணவில்லை. தெஜாவை அரசனாக்கலாம் என்று படையினர் சிலர் அன்று பேசிக்கொண்டனர். அது தைசோங்கின் செவிக்கு எட்டியது. தலைநகர் திரும்பியபின், முன்னர்த் தையுவான் நகரை வென்ற வீரர்களுக்குப் பரிசு வழங்குமாறு தெஜாவ் சிற்றப்பரை வேண்டினான். தனக்கென அவன் எதுவும் கேட்கவில்லை. நீ அரசனான பின் நீயே வழங்கிக்கொள் என்று அவர் சினந்துரைத்தார். தெஜாவ் அகன்று சென்று தன் உயிரை மாய்த்துக்கொண்டான். சிற்றப்பர் விரைந்து வந்து உடலைத் தழுவி அழுதார் என்று வரலாறு கூறுகிறது. அக்கண்ணீரை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை உங்களிடமே விடுகிறேன்.

தம்பி வழியினரே தொடர்ந்து ஆண்டனர். 1127-இல் ஜுர்ச்சென் படையினர் கைஃபெங்கைக் கைப்பற்றி, அரச குடும்பத்தினரைச் சிறைப்பிடித்துச் சென்றனர். தப்பிய இளவரசர் காவோசோங் தெற்கே ஆட்சியை நிறுவினார். அவருடைய ஒரே மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். ஆகவே, ஒதுக்கப்பட்ட அண்ணன் வழியில் அவர் பிள்ளை தேடினார். இறுதியில் இருவர் நின்றனர். பருத்த சிறுவனையே அரசர் முதலில் விரும்பினார். அப்போது ஒரு பூனை குறுக்கே வந்தது. பருத்தவன் அதைக் காலால் எற்றினான். மெலிந்தவன் அசையாது நின்றான். அரசரின் மனம் மாறியது என்பது கதை. மெலிந்த அச்சிறுவனே 1162-இல் சியாவோசோங் என்னும் பெயருடன் முடிசூடினான். அவன் தெஜாவின் தம்பி வழியினன். தெஜாவின் வழிவந்த லிசோங் அரசரானது 1224-இல்.

பின்னர் குப்லாய் கானின் மங்கோலியப் படை தெற்கையும் வென்றது. 1279-இல் யாமென் கடற்போரில் தோல்வி உறுதியானபோது, அமைச்சர் லு சியூஃபூ கடைசி அரசனை முதுகில் சுமந்து கடலில் குதித்தார். அவ்வரசனுக்கு வயது ஏழு.

பயிற்சி

1. தெஜாவின் வேண்டுகோள் தைசோங்கைச் சினமுறச் செய்தது ஏன்? ஐந்து தொடர்களில் எழுதுக.
2. 'அன்று' என்னும் சொல் இப்பாடத்தில் இரு பொருளில் வந்துள்ளது. அவ்விடங்களை எடுத்தெழுதிப் பொருள் வேறுபாட்டை விளக்குக.