கையில் ஏறிய மீன் வெடுக்கை நீக்கும் முறை

பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்கு நீர் விட்டபின், குளங்களில் நீர்மட்டம் குறையத் தொடங்கும். அக்காலத்தில் வலையும் தூண்டிலும் கரப்பும் கொண்டு மீன் பிடித்து, வீட்டுக் கறிக்கு ஆக்கிக்கொள்ளும் வழக்கம் கமக்காரர்களிடையே உண்டு. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று நம் குளங்களில் மிகுதியாக அகப்படும் மீனாகும். மீன் பிடித்த கையில் வெடுக்கு நெடுநேரம் நிற்பதைப் பலரும் சிறு தொல்லையாகவே கருதுகின்றனர். எனினும், அதை நீக்குவதற்குக் கையாளப்படும் தவறான முறைகள் தோலைக் கெடுத்து, வயலில் வேலை செய்வோருக்குப் பெருந் தீங்கை விளைவிக்கக்கூடும். ஆகையால் இதனைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

வெடுக்கு உண்டாவது எவ்வாறு?

கடல்மீன் இறந்தபின் அதன் தசையிலுள்ள ஒரு பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அப்போது அமைன் என்னும் காரத்தன்மையுள்ள பொருள் உண்டாகின்றது. கடல்மீனின் வெடுக்குக்கு முதற் காரணம் இதுவே. குளத்து மீனில் இப்பொருள் மிகக் குறைவு. அதன் உடலிலுள்ள வழும்பும், காற்றுப் பட்டுக் கெடும் கொழுப்பும், குளத்திலுள்ள பாசி முதலியவற்றால் உண்டாகும் சேற்று மணமும் சேர்ந்தே கையில் ஒட்டிக்கொள்கின்றன.

கார மணத்தைப் புளிப்பு அடக்கும். வழும்பையும் கொழுப்பையும் சவர்க்காரம் நீக்கும். சவர்க்காரமும் சாம்பலும் காரத்தன்மையுடையனவாதலால், அவற்றை மட்டும் இட்டுக் கழுவினால் கடல்மீன் வெடுக்கு முற்றாக நீங்குவதில்லை. புளிப்பை மட்டும் பூசினால் கொழுப்பு நின்றுவிடும். எனவே இரண்டையும் ஒழுங்காகப் பயன்படுத்துதல் வேண்டும்.

செய்யவேண்டிய முறை

1. மீனைத் தொட்ட கை காய்வதற்கு முன்னரே, தண்ணீரால் வழும்பு போகக் கழுவுக. காய்ந்த வழும்பு எளிதிற் போகாது.

2. ஒரு பிடி அரிசித் தவிட்டையோ பயற்றம் மாவையோ ஈரக்கையில் இட்டு நன்கு தேய்க்குக. இவை கொழுப்பை உறிஞ்சி எடுக்கும். பின்னர் சவர்க்காரமிட்டு, விரலிடுக்குகளையும் நக இடுக்குகளையும் தேய்த்துக் கழுவுக. நகங்களைக் குட்டையாக வெட்டி வைத்திருத்தல் நன்று.

3. பாதித் தேசிக்காயின் சாற்றை, அல்லது நெல்லிக்காயளவு பழப்புளியை நீரிற் கரைத்து, அல்லது ஒரு மேசைக்கரண்டி வினாகிரியுடன் அதே அளவு நீர் கலந்து, கை முழுவதும் பூசி இரண்டு நிமிடம் விடுக.

4. நல்ல நீரால் நன்றாகக் கழுவித் துடைத்துச் சில துளி தேங்காயெண்ணெய் தடவுக. இதனால் தோல் வறண்டு வெடிப்பது குறையும்.

தேசிக்காய்ச் சாற்றைக் கழுவாமல் வெயிலிற் செல்லலாகாது. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கறுத்த தழும்பும் உண்டாகலாம்.

தவிர்க்கவேண்டியவை

மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கை கழுவுவோர் உளர். மணலும் செங்கல் தூளும் இட்டுத் தேய்ப்போரும், வெளிற்றும் தூளைக் கரைத்துப் பூசுவோரும் உளர். இவை தோலின் எண்ணெய்ப் பசையை நீக்கி, அதனை உரித்தும் வெடிக்கச் செய்தும் விடுகின்றன. ஒரு கமக்காரர் மாலையில் மண்ணெண்ணெயும் மணலும் இட்டுத் தேய்த்த கையுடன், மறுநாட் காலை நாற்று நடச் சேற்றில் இறங்கினார். அவர் கையில் வெடுக்கு இல்லை, தோலும் இல்லை. இத்தகைய கையே நோய்க்குத் திறந்த வாசலாகும்.

காயமும் எலிக்காய்ச்சலும்

திலாப்பியாவின் முதுகுச் செட்டை முள்ளும் கெளிற்று முள்ளும் கையைக் குத்திக் கிழிக்க வல்லன. காயத்தின்மேல் புளியோ சாம்பலோ இடாது, சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, மருந்திட்டுத் துணியாற் கட்டுக. காயம் ஆறும்வரை வயற்சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்காதிருத்தலே நலம். இறங்கியே ஆகவேண்டுமாயின், நீர் புகாதவாறு காயத்தை மூடிக்கொள்க.

எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமிகள், காயத்தின் வழியாகவும் வெடித்த தோலின் வழியாகவும் உடலினுட் புகுகின்றன. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருமளவிற் பரவி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணிக்கப்பட்டது. திடீர்க் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் தசைநோ, கண் சிவத்தல் ஆகியன இதன் அறிகுறிகளாம். இவை தோன்றின் கைவைத்தியஞ் செய்து நாளைக் கழியாது உடனே வைத்தியசாலைக்குச் செல்க. வயலில் வேலை செய்ததையும் வைத்தியருக்குச் சொல்க. போகத் தொடக்கத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மருந்து பற்றியும் கேட்டறிக.

மீன் கழிவு

செதிலையும் குடலையும் வரம்பிலோ வாய்க்காலிலோ எறிந்தால் எலிகள் அவற்றை நாடி வரும். அவற்றைக் குழியில் இட்டு, ஓரடி கனத்துக்கு மண்ணால் மூடுக. நன்கு உக்கியபின் அது கத்தரி, மிளகாய் முதலியவற்றுக்கும் தென்னைக்கும் நல்ல பசளையாகும். எலியைத் தேடி அழைக்கும் பொருள் இவ்வாறு பயிரை வளர்க்கும் பொருளாகிறது.

இறுதியாக, வெடுக்கு நீங்கியமை மட்டும் கை சுத்தமானதற்குச் சான்றாகாது. கிருமிநாசினி தெளித்த கையில் மணமில்லாவிடினும் நஞ்சு இருக்கக்கூடும். புளிப்பு அதனைப் போக்காது. உணவுக்கும் வெற்றிலைக்கும் முன் எப்பொழுதும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் வேண்டும். கமக்காரனுக்குக் கையே முதற் கருவி. மண்வெட்டியைக் கழுவி எண்ணெய் பூசி வைப்பவர், கையையும் அவ்வாறே பேணுதல் வேண்டும்.