6 எழுத்துக்கு 38 பைட்டா?

மாணவர்களே, நம் ஊர் 'கோத்தா திங்கி'யில் எத்தனை எழுத்துகள்? கோ, த், தா, தி, ங், கி. ஆறுதான். சி மொழியில் நிரல் எழுதும் ஒருவர், 20 பைட் இடம் தாராளம் என்று நினைத்து இப்பெயரை அதில் வைக்கிறார். நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், 'சரம் மிக நீளமானது' என எச்சரிக்கிறது. எச்சரிக்கைதானே, பிழை இல்லையே! நிரலும் ஓடுகிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'கோ' என்பது கணினிக்கு க, ஓகாரக் குறி என இரண்டு. 'த்' என்பது த, புள்ளி. ஆக 12 குறிகளுக்கு 36, இடைவெளிக்கு 1, சரம் முடிந்தது எனக் காட்டும் சுழியத்துக்கு 1. மொத்தம் 38. இருபது பைட்டில் 'கோத்தா'வும் இடைவெளியும் அடங்கும். அடுத்த 'த'வில் மூன்றில் ஒரு பங்குதான் நுழையும். முடிவுச் சுழியத்துக்கு இடமே இல்லை. அச்சிடச் சொன்னால், கணினி எங்கே நிறுத்துவது எனத் தெரியாமல் பக்கத்து நினைவகத்தையும் படித்துக்கொண்டே போகும். அங்கே யாருடைய கடவுச்சொல்லாவது இருந்தால்?

எச்சரிக்கையை அணைத்து வைக்கவும் வழி உண்டு. அது தீப்புகை மணியின் பேட்டரியைக் கழற்றுவது போன்றது. சரியான வழி எளிது: அளவை எழுதாமல் அடைப்புக்குறியை வெறுமையாக விடுங்கள், கம்பைலரே 38 என்று எண்ணிக்கொள்ளும்.

ஆனால் கம்பைலருக்கு எல்லாம் தெரியாது. எழுத்துகளை எண்ணும் நிரலில் குறிகளை எண்ணிவிட்டால் இடைவெளியோடு சேர்த்து 13 வரும். எச்சரிக்கை எதுவும் வராது. அதற்குத்தான் சோதனை நிரல்: 'கோத்தா திங்கி கொடுத்தால் 6 வர வேண்டும்; வெற்றுச் சரத்துக்கு 0.' திறந்த மூல மென்பொருளைப் பலர் திருத்துவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இச்சோதனைகள் தாமாகவே ஓடும். கைப்பேசிகளில் இருக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில், மூல நிரலைவிடச் சோதனை நிரல் பல நூறு மடங்கு பெரியது!

2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஒரு பாதுகாப்புப் பிழையைத் திருத்தியது. சி நிரலில் 'கோட்டு ஃபெயில்' என்ற ஒரே வரி இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் உட்படாததால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி ஓடவே இல்லை. போலி இணையத்தளமும் உண்மையானதுபோல் நுழைய முடிந்தது. போலிக் கையொப்பம் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் ஒரு சோதனை இருந்திருந்தால் அது அன்றே அகப்பட்டிருக்கும். 2016இல் வந்த ஜி.சி.சி. 6 கம்பைலர், இப்படி ஏமாற்றும் வரி ஒதுக்கீட்டுக்கு எச்சரிக்கை தருகிறது.

உங்கள் ஊர்ப் பெயருக்கு எத்தனை பைட் வேண்டும்? முதலில் தாளில் கணக்கிடுங்கள். 'ஜொகூர் பாரு'வுக்கு 32 வந்தால் உங்கள் முறை சரி.