பண்ணைப்புரம் தந்த இசைஞானி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், முல்லைப் பெரியாற்று நீரால் வளம் பெற்று விளங்குவது கம்பம் பள்ளத்தாக்கு. நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த அப்பகுதியில், உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் பண்ணைப்புரம். இன்று தேனி மாவட்டத்தில் உள்ள அவ்வூர், முன்னாளில் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அங்கே 1943ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இராமசாமி, சின்னத்தாய் என்னும் எளிய பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தவரே இளையராஜா. ஞானதேசிகன் என்பது அவர்க்கு முதலில் இடப்பெற்ற பெயர். ஊரார் அவரை ராசையா என்று அழைத்தனர்.

நாற்று நடுவோர் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவை நாட்டுப்புற மக்களின் இசைச் செல்வங்கள். அவை ஏட்டில் எழுதப்பெறாதவை, வாய்மொழியாகவே வாழ்பவை. இத்தகைய இசைச் சூழலில் வளர்ந்த ராசையா, தம் 14ஆம் வயதில் தமையனார் பாவலர் வரதராசனின் இசைக்குழுவிற் சேர்ந்தார். வரதராசன் பொதுவுடைமை இயக்க மேடைகளில் உழைக்கும் மக்களுக்காகப் பாடியவர். அக்குழுவுடன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்ற இளைஞர், ஆர்மோனியம் வாசிப்பதிலும் மெட்டமைப்பதிலும் தேர்ச்சி பெற்றார். அவருடைய கல்வி அதுவரையில் செவிவழிக் கல்வியாகவே இருந்தது.

1968ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்தார். அங்கே தன்ராஜ் மாஸ்டர் என்னும் ஆசிரியரிடம் மேலை இசையைக் கற்கத் தொடங்கினார். மேலை இசையில் ஐந்து கோடுகளின்மீது சுரங்களைக் குறியிட்டு எழுதும் முறை உண்டு. எந்தக் கருவி எப்பொழுது தொடங்க வேண்டும், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பன யாவும் அவ்வெழுத்திலேயே அடங்கும். மேடைகளிற் பல்லாண்டு பயின்ற பின்னும், அவர் தொடக்க மாணவரைப் போல் அமர்ந்து அம்முறையைப் பயின்றார். இலண்டன் டிரினிடி இசைக் கல்லூரியின் கிதார்த் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கருநாடக இசையையும் கற்றார். இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேசுக்கு உதவியாளராகப் பணிபுரிந்து தொழில் நுணுக்கங்களை அறிந்தார்.

1976ஆம் ஆண்டில் பஞ்சு அருணாசலம் திரைக்கதை எழுதிய ‘அன்னக்கிளி’ திரைப்படத்திற்கு இசையமைக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஆசிரியர் ‘ராஜா’ என்று சுருக்கி அழைத்த பெயருக்கு முன் ‘இளைய’ என்னும் சொல்லைச் சேர்த்தவரும் பஞ்சு அருணாசலமே. வயல்வெளி மெட்டுகள் வயலின், கிதார் முதலிய கருவிகளோடு இணைந்து ஒலித்த அப்பாடல்கள் தமிழ்நாடெங்கும் பரவின. பின்னர் அவர் 1000க்கும் மேற்பட்ட திரைப்படங்களுக்கு இசையமைத்தார். ஒவ்வொரு கருவிக்குரிய இசையையும் தாமே தாளில் எழுதிக் கொடுத்து, கலைஞர்கள் முன் நின்று கையசைவால் நடத்துதல் அவர் வழக்கம். தேசியத் திரைப்பட விருதினை ஐந்து முறை பெற்ற அவர்க்கு, 2018ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது வழங்கப்பெற்றது.

திரை இசையோடு அவர் உள்ளம் நிறைவடையவில்லை. தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக, 1986ஆம் ஆண்டில் ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் கருவியிசைத் தொகுப்பைப் படைத்தார். மாணிக்கவாசகரின் திருவாசகப் பாடல்கள் சிலவற்றைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் துணையோடு 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பல கருவிகள் கூடி இசைக்க, பல பகுதிகளாய் விரியும் பேரிசை வடிவமே சிம்பொனி. 1993ஆம் ஆண்டிலேயே அவர் எழுதிய சிம்பொனி ஒன்று இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவால் ஒலிப்பதிவு செய்யப்பெற்றது. ஆயினும், அது மக்களிடம் வந்து சேரவில்லை. அவர் சோர்ந்து ஒதுங்கினாரல்லர். 2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், தம் 81ஆம் வயதில், ‘வேலியன்ட்’ என்னும் தம் சிம்பொனியை இலண்டனில் அரங்கேற்றினார். வீரமுடையது என்பது அப்பெயரின் பொருள். ராயல் பில்ஹார்மோனிக் கச்சேரி இசைக்குழு அதனை இசைத்தது. மொழியும் நாடும் வேறாகிய அக்கலைஞர்களுக்குப் பண்ணைப்புரத்து மனிதரின் உள்ளக் கருத்தை உணர்த்தியது, அவர் எழுதிய இசைக்குறியே.

நாட்டுப்புற இசை அவர்க்கு ஊர் அளித்த கொடை. எழுதும் இசை அவர் முயன்று தேடிய செல்வம். பின்னதைத் தேடியபோது முன்னதை அவர் கைவிடவில்லை. தெரிந்ததோடு அமைதி கொள்ளாது, தெரியாததைக் கற்க எந்த வயதிலும் நாணாதவரே உயர்வடைவர் என்பதற்கு இளையராஜாவின் வாழ்வு சான்றாகும்.